பார்த்துவிட்டுச் சொல்கிறவள்

2019 ஜனவரி 9, புதன்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்தேன். மார்கழி மாதம், கோயில் ஒலிபெருக்கி எனக்கு முன்பே எழுந்திருந்தது. பால் வாங்கி வைத்துவிட்டு வாசலில் சின்னதாக ஒரு கோலம் போட்டேன். சன்னல் கட்டையைத் துடைத்தேன். துணி வழக்கம்போலக் கறுத்தது. இட்லி, தக்காளிச் சட்னி. ஒன்பது மணிக்கு அலுவலகம். துறைமுகத்துக்கு எதிர்ச்சாலையில், கப்பலில் சரக்கு அனுப்பும் நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவு எனக்கு. ஒரு கண்டெய்னரின் எடைச் சீட்டு வராமல் மதியம் வரை காத்திருந்தோம், வந்தது. ஐந்தரைக்கு வீடு திரும்பி, மாடியில் காய்ந்த துணிகளை எடுத்து மடித்துக்கொண்டிருந்தபோது அவள் படியேறி வந்தாள்.

அன்றைய நாட்குறிப்பில் இதுவரைதான் விரிவாக இருக்கிறது. பிறகு "கடிதம் வந்தது" என்று ஒரு வரி. மீதியை இப்போது எழுதுகிறேன். அவளுடைய பெயரை எழுதப் போவதில்லை. எழுதலாமா என்று அவளைக் கேட்கவில்லை. கேட்காமல் செய்வது அவளுக்குப் பிடிக்காது.

ராயபுரத்தில் எங்கள் குடியிருப்பில் கீழ்த்தளத்து வீட்டுப் பெண். அப்போது பதினேழு வயது, பன்னிரண்டாம் வகுப்பு. ஒல்லி. பள்ளிச் சீருடையின் துப்பட்டாவை எப்போதும் இடது தோளில் மட்டும் குத்தியிருப்பாள். அப்பா காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் விடுகிறவர். தெருவில் அவர் பேசினால் மூன்றாம் மாடியில் இருக்கும் எனக்குக் கேட்கும். அம்மா அதிகம் பேசாதவர், கருவாடு விற்கப் போய்வருவார். மகள் அம்மாவைப்போலவும் இல்லை, அப்பாவைப்போலவும் இல்லை. எதைக் கேட்டாலும் அவளிடமிருந்து முதலில் வருவது ஒரே பதில்தான்.

"பாத்துட்டு சொல்றேன்."

தண்ணீர் லாரி வந்துவிட்டதா என்று கேட்டால், சத்தம் கேட்டிருந்தாலும் தெருமுனைவரை போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் சொல்வாள். ரேஷனில் பருப்பு போடுகிறார்களாமே என்று கேட்டால், "போடறாங்கன்னு சொல்லிகினு போனாங்க, நான் பாக்கல" என்பாள். குழாயடியில் பெண்கள் அதை வைத்தே கேலி செய்வார்கள். "ஏய், உங்கம்மா கூப்புடுது பாரு." "இன்னா, இதயும் போய் பாத்துட்டு வருவியா?" அவள் சிரிப்பாள். சிரித்துக்கொண்டே போய்ப் பார்த்துவிட்டும் வருவாள்.

என் வீட்டுக்கு அவள் வரத் தொடங்கியது ஒரு தூக்குப்பாத்திரத்தால். என் சமையலறை அலமாரியில் எவர்சில்வர் தூக்கு ஒன்று உண்டு. கீழே சாலையில் துறைமுகத்து டிரெய்லர் லாரிகள் போகும்போது அது தானாகக் கிணுகிணுக்கும். எல்லா லாரிக்கும் இல்லை, சிலவற்றுக்கு மட்டும். ஒருநாள் அவளுடைய அம்மா கொடுத்தனுப்பிய கருவாட்டை வாங்கிக்கொண்டபோது அது கிணுகிணுத்தது.

"எதுக்கு ஆன்ட்டி சத்தம் போடுது?"

"பெரிய லோடு லாரி போகுது. பாரம் அதிகமா இருந்தா இப்படி அதிரும்" என்றேன். பல வருடங்களாக அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"பாத்தீங்களா?"

பார்த்ததில்லை. அன்று மாலை முழுவதும் அவள் என் சன்னலில் உட்கார்ந்து சாலையைப் பார்த்தாள். தூக்கு கிணுகிணுத்தபோதெல்லாம் கீழே போனது காலி டிரெய்லர். பாரம் ஏற்றிய லாரிகள் அமைதியாக நகர்ந்து போயின. பிறகு அவள் தூக்கில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி வைத்தாள், காலி லாரிக்கும் அது பேசாமல் இருந்தது. ஏன் என்று கேட்டேன். "அத்த தான் படிக்கணும்" என்றாள். இயற்பியல் படிக்கப் போவதாக அவள் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல்முறை.

அவளுடைய அப்பாவுக்கும் அவளுக்கும் பார்த்துவிட்டுச் சொல்லும் இந்த விஷயத்தில் ஓயாத வழக்கு இருந்தது. அவர் மிகைப்படுத்தாமல் ஒரு வாக்கியம் பேசமாட்டார். அது பொய்யில்லை, ஏலம் விடுகிறவரின் பேச்சு அப்படி. மழை பெய்தால் "ஊரே மெதக்குது". பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்கு "லட்சம் பேரு". எண்ணூரில் அனல் மின்நிலையம் சுடுதண்ணீர் விடும் கால்வாயைப் பற்றிப் பேச்சு வந்தபோது, "கொதிக்குது யக்கா. முட்டைய போட்டா வெந்துடும்" என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் ஒரு முட்டையை வலைப்பையில் கட்டி எடுத்துக்கொண்டு எண்ணூருக்குப் பேருந்து ஏறினாள். அங்கே வலை வீசிக்கொண்டிருந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்களாம். ஒரு மணி நேரத்துக்கு மேல் முட்டையைத் தண்ணீரில் தொங்கவிட்டு, அதே முட்டையைப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்து, அப்பாவின் எதிரில் தட்டில் உடைத்தாள். மஞ்சள் கரு குலையாமல் வழுக்கிக்கொண்டு வந்தது.

"இப்ப இன்னா சொல்ற நைனா?"

அவர் தட்டைப் பார்த்தார். "முட்டை நாட்டுமுட்டையா, லகான் கோழி முட்டையா? நாட்டுமுட்டைன்னா வெந்திருக்கும்" என்றார். பிறகு அதையே ஆம்லெட் போடச் சொல்லிச் சாப்பிட்டார்.

இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு அவள் விண்ணப்பித்தபோது, ஏன் இயற்பியல் படிக்க விரும்புகிறேன் என்ற கட்டுரையை இந்த முட்டையில்தான் தொடங்கினாள். அந்தப் பல்கலைக்கழகத்தை அவளே கைப்பேசியில் தேடிக் கண்டுபிடித்தாள். முதல் ஆண்டிலேயே மாணவர்களைச் சோதனைச்சாலையில் விடுவார்கள் என்று போட்டிருந்ததுதான் அவளை இழுத்தது. வெளிநாட்டு மாணவர்களில் மிகச் சிலருக்குப் படிப்புச் செலவு, தங்கும் செலவு, விமானச் செலவு எல்லாவற்றையும் அவர்களே ஏற்பார்கள் என்றும் இருந்தது. ஏலம் விடுகிறவர் வீட்டில் அப்படிக் கிடைத்தால்தான் போக முடியும். இடம், உதவி இரண்டையும் ஒரே கடிதத்தில் சொல்வார்கள். ஒன்று மட்டும் கிடைத்துப் பயனில்லை.

ஊரில் வெளிநாட்டுப் படிப்புக்கு ஆலோசனை சொல்கிறவர் ஒருவரிடம் கட்டுரையைக் காட்டப் போனாள், நானும் துணைக்குப் போனேன். குளிரூட்டிய அறை, கண்ணாடி மேசை. அவர் படித்துவிட்டுச் சிரித்தார்.

"முட்டை எல்லாம் எதுக்கும்மா? நீ மீனவக் குடும்பம். சுனாமியை எழுது. வீடு போச்சு, படகு போச்சு, அலையைப் பார்த்த அன்னைக்கே இயற்கையின் சக்தியைப் புரிஞ்சுக்கணும்னு தோணுச்சுன்னு எழுது. படிக்கிறவங்க கண்ணுல தண்ணி வரணும்."

"அப்போ எனக்கு மூணு வயசு சார். நாங்க மாமா வூட்ல இருந்தோம். நான் பாக்கல."

"நீ பார்த்தியா இல்லையான்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியுமே சார்."

இதை அவள் எதிர்த்துப் பேசுவதாகச் சொல்லவில்லை. அவர் ஒரு விவரத்தைக் கவனிக்காமல் விட்டுவிட்டார் என்று நினைத்துத்தான் சொன்னாள். திரும்பும்போது பேருந்தில், "சுனாமி ஏன் நடுக்கடல்ல தெரியறதில்ல, கரைக்கு வந்தாதான் எழும்புதுன்னு எழுதினா பரவால்லியா? ஆனா அதயும் நான் பாக்கல" என்று தனக்குள் பேசிக்கொண்டே வந்தாள். கடைசியில் முட்டையையே அனுப்பினாள்.

அவளுடைய இந்தக் குணம் எல்லோருக்கும் பிடித்தது என்று சொல்ல மாட்டேன். எனக்கே சில நேரம் நெருடியிருக்கிறது. ஒரு பண்டிகையன்று பக்கத்து வீட்டம்மா புதுப்புடவை கட்டிவந்து, "நல்லாருக்கா?" என்று கேட்டார். அவள் அவரைச் சுற்றி வந்து பார்த்தாள். "முன்னாடி நல்லாருக்கு" என்றாள். அந்த அம்மா ஒரு வாரம் அவளோடு பேசவில்லை.

ஆனால் கடிதம் வருவதற்கு முந்தைய ஆகஸ்டில் எனக்கு மார்பில் ஒரு கட்டி தென்பட்டு, மருத்துவமனையில் திசு எடுத்து அனுப்பியிருந்தார்கள். முடிவு வர ஒரு வாரம். தெரிந்தவர்கள் எல்லோரும், "ஒண்ணும் இருக்காது" என்றார்கள். அலுவலகத்தில் சொன்னார்கள், தங்கை தொலைபேசியில் சொன்னாள், அந்தப் பெண்ணின் அப்பா மாடிப்படியில் நின்று, "அதெல்லாம் ஒரு மண்ணும் கெடையாது யக்கா, நான் சொல்றேன்" என்றார். ஒவ்வொருவரும் சொல்லச் சொல்ல எனக்குப் பயம் அதிகமானது. அவளிடம் மட்டும் நானே கேட்டேன், "உனக்கு என்ன தோணுது?"

"தெரியாது ஆன்ட்டி" என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ரிசல்ட்ட என்னிக்கி வாங்கணும்? நானும் வரேன்" என்றாள்.

அன்றிரவுதான் நன்றாகத் தூங்கினேன். சொன்னபடி வந்தாள், பள்ளிக்கு அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு. உறையைப் பிரிக்க என் கை வரவில்லை. அவள் வாங்கிப் பிரித்து, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்தாள். நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் ஒன்றும் தெரியவில்லை. முழுவதும் படித்து முடித்த பிறகுதான், "புத்துநோய் இல்ல ஆன்ட்டி. வெறும் கொழுப்புக் கட்டி" என்றாள். யார் சொல்லியிருந்தாலும் மீண்டும் ஒருமுறை கேட்டிருப்பேன். அவளைக் கேட்கவில்லை.

டிசம்பர் தொடக்கத்தில் பல்கலைக்கழகத்திலிருந்து கணினி வழியாக நேர்காணல் என்று செய்தி வந்தது. அவர்களுக்குக் காலை, நமக்குப் பிற்பகல். அவள் வீட்டில் சாலைச் சத்தம் அதிகம், இணைய இணைப்பும் இல்லை. என் வீட்டு மேசையில் ஏற்பாடு செய்தோம். அலுவலகத்துக்கு அரைநாள் விடுப்பு. தூக்குப்பாத்திரத்தை நான் முன்னதாகவே துணியில் சுற்றிப் படுக்கையறையில் வைத்துவிட்டேன். அவளுடைய அப்பா, "நான் ஓரமா குந்திக்கிறேன் யக்கா, மூச்சுகூட வுடமாட்டேன்" என்று சொல்லி, குளித்து வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து என்னோடு சமையலறையில் உட்கார்ந்தார்.

திரையில் இரண்டு பேராசிரியர்கள். ஓர் அம்மையார், ஓர் இளைஞர். அவர்களுடைய ஆங்கிலத்தை நான் சமையலறையிலிருந்து முக்கால் பங்கு புரிந்துகொண்டேன். முட்டையைப் பற்றிக் கேட்டார்கள், சிரித்தார்கள். பிறகு அம்மையார் ஒரு கேள்வி கேட்டார். இரண்டு குவளைத் தண்ணீர், ஒரே சூடு. ஒன்று சாதாரணத் தண்ணீர், மற்றது உப்புத் தண்ணீர். இரண்டிலும் ஒரே அளவு பனிக்கட்டியைப் போட்டால் எது முதலில் கரையும்?

என் பக்கத்தில் இருந்த அவளுடைய அப்பாவுக்கு யாராவது மொழிபெயர்த்திருந்தால் துள்ளி எழுந்திருப்பார். ஐஸும் உப்பும் அவருடைய உலகம். அவளும் அந்த உலகத்தின் பெண்ணாகவே பதில் சொன்னாள். உப்புத் தண்ணீரில்தான் முதலில் கரையும். உப்பு பட்டால் ஐஸ் கரையும் என்பது எங்கள் பகுதியில் எல்லோருக்கும் தெரியும். சொல்லி முடித்தாள். உடனே, "ஆனால் நான் அதைப் பார்த்ததில்லை. இப்போது பார்க்கலாமா?" என்று கேட்டாள்.

அந்தப் பக்கம் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு, பாரேன் என்றார்கள்.

அவள் சமையலறைக்கு ஓடி வந்தாள். "ஆன்ட்டி, ஐஸ்!" என் குளிர்பெட்டியில் ஐஸ் தட்டு காய்ந்து கிடந்தது. நான் ஐஸ் போட்டு எதையும் குடிப்பதில்லை. அவளுடைய அப்பா நிலைமையை ஒரு நொடியில் புரிந்துகொண்டார். மூன்று மாடி இறங்கி ஓடினார். வீட்டில் அவருடைய மீன்பெட்டியில் ஐஸ் இருந்தது. ஒரு பெரிய பாளத்தைச் சாக்கில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு அவர் திரும்பி வந்ததை நான் மறக்க மாட்டேன். வெள்ளைச் சட்டையின் முதுகு நனைந்து ஒட்டியிருந்தது. சுத்தியல் தேட நேரமில்லை, என் குழவிக்கல்லால் உடைத்தார். மீன்வாடை வீட்டை நிறைத்தது. இரண்டு துண்டுகளைச் சமமாகத் தேர்ந்தெடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, மூச்சுகூட விடமாட்டேன் என்ற மனிதர், நேராகக் கணினியின் முன்னால் போய் நின்று, "ஐஸ் வந்துச்சு சார்!" என்றார்.

திரையில் இருவரும் சிரித்துவிட்டார்கள். அம்மையார், "லவ்லி!" என்றார்.

எவர்சில்வர் டம்ளர் ஆகாது, உள்ளே தெரியவேண்டும் என்று இரண்டு கண்ணாடி டம்ளர்களில் தண்ணீர் ஊற்றி, ஒன்றில் உப்பைக் கரைத்து, ஐஸைப் போட்டாள். ஐஸ் கரையும்வரை அவர்கள் வேறு கணக்குகள் கேட்டார்கள். அவள் தாளில் போட்டுக் காட்டினாள், இடையிடையே டம்ளர்களைப் பார்த்துக்கொண்டாள். நேரம் முடியப்போகும் தறுவாயில் ஒன்றில் ஐஸ் முழுவதும் கரைந்துவிட்டது. அது சாதாரணத் தண்ணீர். உப்புத் தண்ணீரில் பாதி ஐஸ் அப்படியே மிதந்தது.

நான் கதவோரம் நின்று அவள் முகத்தைப் பார்த்தேன். வாழ்நாளில் யாருடைய முகத்திலும், தான் சொன்னது தவறாகிப்போனதற்கு அவ்வளவு மகிழ்ச்சியை நான் கண்டதில்லை.

"நான் சொன்னது தப்பு" என்றாள் அவர்களிடம்.

ஏன் என்று கேட்டார்கள். அவள் டம்ளரைக் குனிந்து பார்த்தாள். ஏதாவது சொல்லியிருக்கலாம். இரண்டு மூன்று வாக்கியம் பொருத்தமாகத் தோன்றியது என்று பிறகு என்னிடம் சொன்னாள். அவர்களிடம் சொன்னது, "தெரியவில்லை. இன்னும் பார்க்க வேண்டும்." நேரம் முடிந்தது. அம்மையார், உன்னோடு பேசியது மிகவும் அருமையாக இருந்தது என்று சொல்லி விடைபெற்றார். மீண்டும் ஒரு "லவ்லி".

திரை அணைந்ததும் அவளுடைய அப்பா இரண்டு கைகளையும் தட்டினார். "முடிஞ்சுபோச்சு! எடம் நம்பளுது!"

"யார் சொன்னா நைனா?"

"அந்தம்மா தான் வாயத் தொறந்து சொல்லிச்சே. ரெண்டு தபா! லவ்லி, லவ்லின்னுச்சா இல்லியா? யக்கா, நீயே சொல்லு."

இங்கே காசிமேட்டு ஏலத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அங்கே எழுத்து கிடையாது. கூடையைச் சுற்றி நிற்கிறவர்களில் ஒருவர் விலைக்குச் சரி என்று வாயைத் திறந்தால் அத்தோடு முடிந்தது. பிறகு மனம் மாறினாலும் மீன் அவருடையதுதான். சொன்ன வாயை மாற்றுகிறவருக்கு அடுத்த நாள் யாரும் கூடையைத் திறந்து காட்ட மாட்டார்கள். முப்பது ஆண்டுகளாக அதில் நின்றவர் அவர். எதிரே நிற்பவர் முகம் மலர்ந்து நல்ல வார்த்தை சொல்லிவிட்டால் வேறு பொருள் அவருக்கு இல்லை. மரியாதைக்காக லவ்லி என்று சொல்லும் ஊர் ஒன்று இருக்கும் என்பதை அவரால் எண்ணிப் பார்க்கவே முடியவில்லை.

மறுநாளே துறைமுகத்தில் எல்லோருக்கும் லட்டு கொடுத்துவிட்டார். என் மகள் சீமைக்குப் போகிறாள், விஞ்ஞானி ஆகப்போகிறாள், அங்கிருந்து பெரிய படிப்புக்காரி வாயாலேயே சொல்லிவிட்டாள் என்று கூடைக்குக் கூடை சொன்னார். தெருவில் போஸ்டர் அடிக்கப் போனவரை அவள்தான் கெஞ்சித் தடுத்தாள். "கடுதாசி வரட்டும் நைனா. பாத்துட்டு சொல்லலாம்." அவர், "இன்னும் இன்னாத்த பாக்கறது?" என்றார்.

நேர்காணல் முடிந்த மாலை அவள் வீட்டுக்குப் போகவில்லை. என் பேனா மையில் ஒரு சொட்டை ஐஸ் துண்டின் மேல் விட்டு, இரண்டு டம்ளர்களிலும் மீண்டும் மீண்டும் போட்டுப் பார்த்தாள். சாதாரணத் தண்ணீரில் கரைந்த நீலம் நூல்போல அடிக்கு இறங்கியது. உப்புத் தண்ணீரில் அது இறங்காமல் மேலேயே ஒரு படலமாக நின்றது. கரைந்த குளிர்ந்த நீர் ஐஸை விட்டுப் போகாமல் அதைப் போர்வைபோலச் சுற்றிக்கொள்கிறது, அதனால்தான் மெதுவாகக் கரைகிறது என்று எனக்குக் காட்டினாள். "இதை அவங்ககிட்ட சொல்ல முடியலயேன்னு வருத்தமா?" என்று கேட்டேன். "அப்போ தெரியாதே ஆன்ட்டி" என்றாள். வருத்தம் இருந்திருக்கும். ஆனால் அவள் கண் டம்ளரில்தான் இருந்தது.

ஜனவரி 9 அன்று மாலை படியேறி வந்தவள், "மெயில் வந்துகீதுன்னு போன்ல காட்டுது. பெரிய ஸ்க்ரீன்ல பாக்கறேன் ஆன்ட்டி" என்றாள். கணினியைத் திறந்து கொடுத்தேன். நாற்காலியில் உட்கார்ந்து, முதல் வரியிலிருந்து படித்தாள். நான் மடித்த துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கடைசிவரை படித்துவிட்டு, மேலே போய் மறுபடியும் ஒருமுறை படித்தாள்.

"இல்ல ஆன்ட்டி" என்றாள். "எடம் இல்லன்னு போட்டுகீறாங்க."

எனக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது, அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம், நல்லதற்குத்தான் என்று. ஆகஸ்டு மாதம் நினைவுக்கு வந்தது, பேசாமல் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் அழுதாள். சத்தமில்லாமல், திரையைப் பார்த்தபடியே. துப்பட்டாவால் துடைத்துக்கொண்டு, "நல்லாதான் எழுதிகீறாங்க" என்றாள்.

அவளுடைய அப்பா படியேறும் சத்தம் கேட்டது. "இன்னா கண்ணு, டிக்கெட் போட்ருவோமா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தார்.

"இல்லன்னு வந்துகீது நைனா."

அவர் சிரித்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு சிரிக்கவில்லை.

"அதெப்டி? அந்தம்மா சொல்லிச்சே."

"அது மரியாதைக்கு சொல்றது. அங்க அப்டித்தான்."

"மரியாதையா? சொல்லிட்டு இல்லங்கறதா மரியாதை?" குரல் தெருவுக்குக் கேட்டது. பிறகு அது இறங்கியது. அவர் தரையில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்துகொண்டார். "ஊரெல்லாம் சொல்லி வெச்சிட்டேனே. லட்டு குட்தேனே. நாளிக்கு எப்டி போய் நிப்பேன்? இவன் வாயில வர்றது எதுவும் நெஜமில்லன்னு பூடும். ஏலத்துல எவன் நம்புவான்?" கொஞ்ச நேரம் கழித்து, "நாமதான் வோணாம்னுட்டோம்னு சொல்லிர்றேன். குளிரு ஒத்துக்காது, ஒரே பொண்ணு, அனுப்ப மனசு வர்லன்னு. யாருக்குத் தெரியப்போவுது?" என்றார்.

அவள் கணினியை மூடினாள். அப்பாவின் அருகில் தரையில் உட்கார்ந்தாள்.

"நாளிக்கு எத்தினி மணிக்கு கெளம்புவ?"

"எப்பயும்போலதான். நாலு மணிக்கு. ஏன்?"

"நானும் வரேன்."

"நீ எதுக்கு அங்க? ஸ்கூலு கீது."

"ஸ்கூலுக்கு டைம் கீது. ஆன்ட்டி, நீங்களும் வரீங்களா?"

வருகிறேன் என்றேன். அவள் என்ன செய்யப் போகிறாள் என்பது அவருக்கும் தெரிந்திருக்கும். வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. எழுந்து கீழே போனார்.

அவளைப் பற்றிப் பிறகு நான் அறிந்தது கொஞ்சம். ஓராண்டு இங்கேயே கல்லூரியில் சேர்ந்து படித்துக்கொண்டு மறுபடி விண்ணப்பித்தாள், வேறொரு நாட்டில் இடம் கிடைத்துப் போனாள். பொங்கலுக்கு வாழ்த்துச் செய்தி அனுப்புவாள். அங்கே என்ன ஆராய்கிறாள் என்று அவளுடைய அப்பா தெருவில் விரிவாகச் சொல்கிறார். நான் நேரில் பார்க்கவில்லை, அதனால் எழுதவில்லை.

ஜனவரி 10, வியாழக்கிழமை. கோலம் போடவில்லை, பால் வாங்கவில்லை. முதலில் செய்தது, அவர்கள் இருவரோடும் ஷேர் ஆட்டோவில் ஏறிக் காசிமேட்டுக்குப் போனது.

இன்னும் விடியவில்லை. விளக்கு வெளிச்சத்தில் படகுகளிலிருந்து கூடைகள் இறங்கிக்கொண்டிருந்தன. கால் வைத்த இடமெல்லாம் ஈரம். அவருடைய இடத்தில் ஏற்கெனவே ஆட்கள் கூடியிருந்தார்கள், பெரும்பாலும் வியாபாரம் செய்யும் பெண்கள். அவளைப் பார்த்ததும் ஒருத்தி, "தோ வந்துச்சு பார்யா லண்டன் பொண்ணு!" என்றாள். எல்லோரும் திரும்பினார்கள். அவர் சங்கரா மீன் கூடையின் அருகில் போய் நின்றார். வழக்கமாகத் தூரத்திலிருந்தே கூவிக்கொண்டு வருகிறவராம். அன்று தொண்டையைச் செருமினார், குரல் வரவில்லை.

அவள் அவர் பக்கத்தில் போய் நின்றாள். பள்ளிச் சீருடை, முதுகில் பை.

"எல்லாருக்கும் ஒண்ணு சொல்லணும்" என்றாள். முதலில் யாருக்கும் கேட்கவில்லை. இன்னொரு முறை சத்தமாகச் சொன்னாள். "எனக்கு எடம் கெடைக்கல. நேத்து சாயங்காலம் கடுதாசி வந்துச்சு, நானே பாத்தேன். நைனா உங்ககிட்ட பொய் சொல்லல. அவங்க என்னை நல்லாருக்குன்னு சொன்னாங்க, நைனா காதால கேட்டுச்சு. இங்க நல்லாருக்குன்னு சொன்னா வாங்கிக்கினதா அர்த்தம். அங்க அப்டி இல்ல. அவ்ளோதான்."

அவர் கூடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முன்வரிசையில் நின்ற பருத்த பெண்மணி இடுப்பில் கை வைத்தாள். "இத்த சொல்லவா இம்மாங்காலைல வந்த?"

"ஆமாக்கா."

"நல்லாருக்குன்னு சொல்லிட்டு வாங்காத போற சாவுகிராக்கி அங்கயும் கீதா? நான் இங்க ஒண்டிதான் கீதுன்னு நெனச்சேன்." சிரிப்பு எழுந்தது. அந்தப் பெண்மணி அவர் பக்கம் திரும்பினாள். "யோவ், பொண்ணு கெளம்பணும், ஏலத்த ஆரம்பி. ஆனா ஒண்ணு, பொண்ணு முன்னாடி வுடற ஏலம். கூடைய கவுத்துக் காட்டிட்டு வெல சொல்லு."

எல்லோரும், "கவுத்துக் காட்டு, கவுத்துக் காட்டு" என்று கத்தினார்கள். கூடையின் மேலடுக்கில் எப்போதும் பெரிய மீன்தான் இருக்கும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். அவர் மகளைப் பார்த்தார். பிறகு குனிந்து, கூடையை அப்படியே ஈரத்தரையில் கவிழ்த்தார். சிவப்பு மீன்கள் சரிந்து பரவின. அவர் மண்டியிட்டு, கையால் விலக்கி விலக்கிப் பார்த்தார். நிமிர்ந்தபோது அவருடைய பழைய குரல் வந்துவிட்டிருந்தது.

"மேல கீறது பெருசு! அடில கீறது சிறுசு! நானே பாத்துட்டு சொல்றேன், கேட்டுக்கோ!" என்று கூவி, எப்போதும் தொடங்குவதைவிடக் குறைந்த விலை ஒன்றைச் சொன்னார்.

அந்தப் பருத்த பெண்மணிதான் முதலில் வாயைத் திறந்தாள்.